யூனிக்ஸ் டெஸ்க்டாப்பில் அணுகல் வசதிகள்

யூனிக்ஸ் வகைக் கணினிகளில் கீபோர்டு, மவுஸ், திரை ஆகியவற்றை மாற்றுத்திறனாளிகள் தம் உடல்நிலைக்கேற்ப அமைத்துக்கொள்ள உதவும் வசதிகள். இவற்றுள் கீபோர்டு, மவுஸ் சார்ந்தவை பெரும்பாலும் 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய எக்ஸ் விண்டோ அமைப்பின் வழி வளர்ந்தவை.

தொடக்கத்தில் எக்ஸ்மோட்மேப் என்ற கட்டளையால் விசைகளின் பணியை மாற்ற முடிந்தது, எக்ஸ்செட் கட்டளையால் விசை திரும்ப அடிப்பதை நிறுத்த முடிந்தது. ஒரே கையால் தட்டச்சு செய்பவருக்கு அது போதவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக டிரேஸ் மையம் 1980களில் உருவாக்கிய உத்திகள் ஆக்சஸ்எக்ஸ் என்ற பெயரில் எக்ஸுக்கு வந்தன. 1996இல் எக்ஸ்11 வெளியீடு 6.1இன் கீபோர்டு நீட்சியான எக்ஸ்கேபியில் அவை முறையாக இடம்பெற்றன.

ஆக்சஸ்எக்ஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் 'ஒட்டும் விசைகள்' இயங்கும். அதன்பின் ஷிஃப்டை ஒருமுறை தட்டிவிட்டு எழுத்தைத் தட்டினால் போதும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதில்லை. ஷிஃப்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் 'மெது விசைகள்': சற்று நேரம் அழுத்தினால்தான் எழுத்து விழும். கை நடுங்குபவருக்கு 'துள்ளல் விசைகள்', ஒரே விசை அடுத்தடுத்துப் படுவதைப் புறக்கணிக்கும். மவுஸைப் பிடிக்க இயலாதவர் கீபோர்டின் வலப்புற எண் விசைகளாலேயே சுட்டியை நகர்த்தலாம். 5ஐத் தட்டினால் கிளிக், 0ஐத் தட்டினால் பட்டன் அழுத்தியபடியே நிற்கும், புள்ளி அதை விடுவிக்கும். இவையெல்லாம் எக்ஸ் சர்வருக்குள்ளேயே இருந்தன. அணுகலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத செயலியிலும் அதனால் இவை இயங்கின. இந்த வரலாற்றின் மிகச் சரியான முடிவு இதுவே.

பார்வையற்றோருக்கான வழி வேறு. 1995இல் டி.வி. ராமனின் பேச்சுவழி இடைமுகமான ஈமாக்ஸ்பீக்கும் பிரெயில் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய்யும் எழுத்துமுறைச் சூழலில் தோன்றின. வரைகலைச் செயலிகள் பொத்தான், பட்டியல் முதலிய விவரங்களைத் திரைவாசிப்பானுக்குச் சொல்ல ஏடி-எஸ்பிஐ என்ற இடைமுகம் க்னோம் டெஸ்க்டாப்பின் 2ஆம் பதிப்புக் காலத்தில் உருவானது. சன் நிறுவனத்தில் பார்வையற்ற நிரலாளர் மார்க் முல்காஹி தொடங்கிய ஓர்கா என்ற திரைவாசிப்பான், 2006இல் க்னோம் 2.16இல் சேர்ந்தது. 2010இல் ஆரக்கிள் சன்னை வாங்கியபின் அங்கு இப்பணி சுருங்கியது. ஓர்காவை நிரலாளர் ஜோன்மேரி டிக்ஸ் தாங்கிப் பிடித்தார். ஈஸ்பீக் என்ற பேச்சொலிப்பானில் தமிழும் இருப்பதால், ஓர்கா தமிழையும் வாசிக்கும்.

எக்ஸுக்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலாண்ட் அடித்தளத்தையே மாற்றியது. எக்ஸில் எந்தச் செயலியும் எல்லா விசைகளையும் கேட்க முடிந்தது. அது உளவுநிரலுக்கும் வசதி, ஓர்காவுக்கும் வசதி. வேலாண்ட் அந்தக் கதவை அடைத்தது. ஒட்டும் விசைகள் போன்றவற்றை ஒவ்வொரு கம்பாசிட்டரும் (சாளரங்களைத் திரையில் காட்டும் நிரல்) தானே எழுத வேண்டியதாயிற்று. க்னோம், கேடிஈ டெஸ்க்டாப்புகள் எழுதின. சிறிய கம்பாசிட்டர்கள் பல எழுதவில்லை. அணுகல் தேவையை வடிவமைப்பின் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். ஓர்காவின் விசைக் கட்டளைகளுக்கு வேலாண்டில் தனி வழி அமைத்த க்னோம் 48, 2025 மார்ச்சில்தான் வெளியானது.