தமிழ்த் திரைப்பட வட்டுகளில் துணையுரை

திரைப்பட உரையாடலைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டுவது துணையுரை ஆகும். பேச்சு வழக்கில் இதைச் சப்டைட்டில் என்பர். 1990-களின் பிற்பகுதியிலிருந்து தமிழ்ப் படங்கள் வட்டு வடிவில் வீடுகளுக்கு வந்தன. பர்மா பஜார் முதல் தாம்பரம், மாடம்பாக்கம் போன்ற புறநகர்கள் வரை விசிடி பரவியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை துணையுரை இல்லாதவை. காது கேளாதோரும், தமிழ் அறியாதோரும், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் படத்தைப் பின்தொடர இது தடையாயிற்று.

விசிடி

பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் 1993-இல் விசிடிக்கான தரத்தை வகுத்தன. இதில் படம் எம்பெக்-1 முறையில் சுருக்கப்படும். இந்தியாவில் வழங்கிய வடிவில் சட்டத்தின் அளவு 352×288 படப்புள்ளிகள்; நொடிக்கு 25 சட்டங்கள். ஒரு வட்டில் சுமார் 74 நிமிடங்களே அடங்கும் என்பதால் இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன.

விசிடியில் துணையுரைக்கெனத் தனித் தடம் கிடையாது. எனவே படத்தைச் சட்டம் சட்டமாக விரித்து, எழுத்தைப் படத்தின் மீதே பதித்து, மீண்டும் சுருக்க வேண்டும். இதுவே மறுகுறியாக்கம். விர்ச்சுவல்டப், டிஎம்பிஜிஎன்க் போன்ற மென்பொருள்கள் இதற்குப் பயன்பட்டன. ஒருமுறை சுருக்கிய படத்தை மறுபடி சுருக்குவதால் தெளிவு குறையும். பதித்த எழுத்தைப் பின்னர் நீக்கவும் இயலாது. தமிழ் எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் அடைந்துபோகும் என்பதால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

நேரப் பொருத்தம்

துணையுரைக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் தொடக்க நேரமும் முடிவு நேரமும் இருக்கும். இரண்டாம் வட்டின் நேரம் சுழியத்திலிருந்து தொடங்குவதால், முதல் வட்டின் நீளத்தை எல்லா வரிகளிலிருந்தும் கழிக்க வேண்டும். சட்ட வேகமும் பொருந்த வேண்டும். நொடிக்கு 24 சட்டங்களில் 150 நிமிடம் ஓடும் படம், 25 சட்டங்களில் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகத்தை மாற்றாத துணையுரை, படத்தின் இறுதியில் 6 நிமிடம் பின்தங்கி நிற்கும்.

டிவிடி

1996-இல் சப்பானில் அறிமுகமான டிவிடியில் 32 துணையுரைத் தடங்கள் வரை சேர்க்கலாம். இவை எழுத்துருவாக அல்லாமல் சிறு படங்களாகச் சேமிக்கப்படுகின்றன. ஆகவே தமிழ் எழுத்துரு இல்லாத கருவியிலும் தமிழ்த் துணையுரை சரியாகத் தெரியும். புதிய தடத்தைச் சேர்க்கப் படத்தை மறுகுறியாக்கம் செய்யத் தேவையில்லை. பிரித்து மீண்டும் கோத்தால் போதும். 8.5 கிகாபைட் வட்டை 4.7 கிகாபைட் வட்டுக்குள் அடக்கும்போதே பெரும்பாலும் மறுகுறியாக்கம் தேவைப்பட்டது. அயங்கரன் போன்ற நிறுவனங்கள் புலம்பெயர்ந்தோருக்கு ஆங்கிலத் துணையுரையுடன் டிவிடிகளை வெளியிட்டன. 2007-இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது.

சட்டம்

உரிமையாளரின் இசைவின்றிப் படத்தைப் படியெடுத்து விற்பது குற்றம். தமிழ்நாடு அரசு 2004-இல் திருட்டு விசிடி தொழிலையும் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. அதேவேளை, 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் ஒரு படைப்பை இலாப நோக்கமின்றி மாற்றித்தர இடமளிக்கிறது. 2024 மார்ச்சில் நடுவண் அரசு, திரையரங்குகளில் செவி, பார்வைக் குறைபாடு உடையோருக்கான அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது.

வட்டுகளின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. படத்தில் பதித்த துணையுரை அந்தப் படியோடு முடங்கிவிடும். தனிக் கோப்பாக வைத்த துணையுரையைத் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், நேரத்தைச் சரிசெய்து அதே படத்தின் தெளிவான படியிலும் இணைக்கலாம்.