வெப்பமானியின் இடமும் எண்ணெயின் சூடும்

அளவையின் வரலாறு கருவிகளைக் கண்டுபிடித்த வரலாறாவதோடு, அவற்றை எவ்விடத்தில் வைத்தல் தகும் எனத் தேர்ந்த வரலாறுமாகும். கண்டி மலைநாட்டார்க்கு இவ்வுண்மை தேயிலையின் வழியாகப் பழகியது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துராத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். முதலிற் கரியடுப்பின்மேல் தட்டுகளில் உலர்ந்த கொழுந்து, பிற்காலத்தில் பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் 'சிறொக்கோ' போன்ற உலர்த்திகளில் வெங்காற்றினால் உலர்ந்தது. உலர்த்தியிற் புகும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 90 முதல் 100 பாகை செல்சியஸ். வெளியேறும் காற்றின் வெப்பம் 50 முதல் 55 பாகை. இரண்டும் உண்மையே. முன்னது அடுப்பின் வலிமையையும், பின்னது இலையின் நிலையையும் உணர்த்தும்.

பழைய சிறு விமானங்களின் எந்திரத்துக்கும் இந்நெறியே பொருந்தும். 1935 நவம்பர் 27இல் இரத்மலானையில் முதன்முதல் இறங்கியது, சென்னையிலிருந்து வந்த 'பஸ் மொத்' விமானம். 1951இல் தோன்றிய இலங்கை விமானப் படை பயிற்சிக்கெனக் கொண்டது 'சிப்மங்க்'. இரண்டும் டி ஹாவிலண்ட் பெயர் தாங்கியவை. இரண்டின் எந்திரமும் 'ஜிப்சி' மரபினது. நான்கு உருளைகளும் தலைகீழாக அமைந்த அவ்வெந்திரத்தில், வெளியேயுள்ள தொட்டியிலிருந்து ஒரு பம்பி எண்ணெயைத் தாங்கிகளுக்குச் செலுத்தும். சூடேறிய எண்ணெயை மற்றொன்று தொட்டிக்கு மீட்கும். ஆகவே புகும் குழாயில் வைத்த வெப்பமானி தாங்கிகள் பெறும் எண்ணெயின் நிலையைக் கூறும். மீளும் குழாயில் வைத்தது, எந்திரத்திலிருந்து எண்ணெய் சுமந்துவந்த வெப்பத்தையும் சேர்த்துக் கூறும்.

பழைய கருவியில் குமிழும் மெல்லிய நெடுங்குழாயும் முகப்பும் ஒன்றாய் இணைந்திருந்தன; குழாயை வெட்டினாற் கருவி பயனற்றுப்போம். அது பழுதுற்றபின் மின் உணரி பொருத்துவோர், துளை வாய்ப்பாயுள்ள வேறிடத்தை நாடுதல் இயல்பு. ஆண்டே இடர் தோன்றுகின்றது. புகும் எண்ணெய்க்கு விதித்த எல்லையை மீளும் எண்ணெய்க்குக் கொள்ளின் நலமுள்ள எந்திரமும் நோயுற்றதாகத் தோன்றும். மீளும் எண்ணெய்க்குரிய எல்லையைப் புகும் எண்ணெய்க்குக் கொள்ளினோ நோயுற்ற எந்திரம் நலமுள்ளதாகத் தோன்றும். இப்பிழை உயிருக்கே ஊறு விளைக்கும். மிகச் சூடான எண்ணெய் நெகிழ்ந்து, உலோகங்களுக்கிடையே நிற்கவேண்டிய படலம் அற்றுப்போகும். புகைபோக்கியின் அருகும், எண்ணெய் ஓடாது தேங்கும் மூலையும் உணரிக்கு ஆகா. முன்னது வெப்பத்தை மிகைப்படுத்தும். பின்னது செய்தியைத் தாழ்த்திக் கூறும்.

உணரியைக் கொதிநீரில் அமிழ்த்திச் சோதித்தல் எளிய முறை. எனினும் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் மேலுள்ள கண்டியில் நீர் 98 பாகையளவிலே கொதிக்கும். நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதிக்கும். மலையேறிய ஆய்வாளர் முற்காலத்தில் இவ்வியல்பைக் கொண்டே உயரங்களைக் கணித்தனர். கொதிநிலை 100 எனக் கொண்டு முகப்பைத் திருத்துவோன், கண்டியிலே ஏறக்குறைய 2 பாகைப் பிழையைத் தானே புகுத்துகின்றான்.

விமானத்தின் பதிவேட்டைக் கற்கும் வரலாற்று மாணவனுக்கும் இதிற் பாடமுண்டு. உணரி இடம்மாறிய நாள் பதியப்படாவிடின், அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட எண்களை ஒப்பிடல் இயலாது. எண்ணோடு இடத்தையும் எழுதிவைத்தல் பொறியாளன் கடன். அவ்விடத்தை வினவியபின்னரே எண்ணை நம்புதல் வரலாற்றாசிரியன் கடன்.