பட்டுக்குட்டையில் ஓவியமும் எழுத்தும்

1837ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தியெரி எர்மேஸ் என்பவர் குதிரைச் சேணமும் கடிவாள வாரும் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். நூறாண்டு கழித்து, 1937இல், அவர் வழிவந்தோர் நடத்திய அதே நிறுவனம், பக்கத்திற்கு 90 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரப் பட்டுத் துணியில் ஓவியம் அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோலில் தொழில் செய்தோர் பட்டுக்கு வந்து சேர்ந்த கதையில் மோட்டார் வண்டிக்கும் பங்குண்டு. தெருக்களில் குதிரை அருகியபின் சேணத்திற்குக் கிராக்கி இல்லாமற் போயிற்று. பைகளும் பயணப் பெட்டிகளும் செய்து தொழிலைக் காத்துக்கொண்ட அந்நிறுவனம் குதிரையை மட்டும் மறக்கவில்லை. முதற் பட்டுக்குட்டைக்கு ஓவியம் அமைத்த ராபர்ட் துமா எடுத்துக்கொண்ட பொருள், குதிரைகள் இழுத்துச் சென்ற பழைய பாரிஸ் பொதுப் பயண வண்டிகளைப் பற்றிய ஒரு பலகை விளையாட்டு. அவருடைய மாமனார் எமில் எர்மேஸ் ஆசையோடு சேர்த்துவைத்திருந்த பழம்பொருள்களில் அதுவும் ஒன்று. இன்று பலரும் தேடிச் சேர்க்கும் பொருள், தானே ஒரு சேகரிப்பாளரின் அலமாரியிலிருந்து பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

ஸ்கார்ஃப் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இத்துணியைக் கழுத்துக்குட்டை என்றும் தலைக்குட்டை என்றும் அணியும் இடம் நோக்கித் தமிழில் அழைக்கிறோம். பிரெஞ்சுக்காரர் இதற்குச் சதுரம் என்னும் பொருள்படும் 'காரே' என்ற சொல்லையே பெயராக்கினர். எங்கே அணிவது என்பதை அணிபவரிடமே விட்டுவிட்ட பெயர் அது. ஆயினும் வண்ணப் பட்டுச் சதுரம் பாரிஸ் கண்டுபிடித்த புதுமையன்று. வங்காளத்தில் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த பட்டுக்குட்டைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது. 'பண்டானா' என்னும் ஆங்கிலச் சொல், கட்டுதல் என்னும் பொருளுடைய வடஇந்தியச் சொல்லின் வழிவந்ததே. மதுரைச் சுங்குடியை அறிந்தவர்க்கு அந்தக் கைத்தொழில் விளங்கும். இந்தியப் பட்டைத் தம் நாட்டில் எவரும் உடுத்தலாகாது என்று இங்கிலாந்து 1700இல் சட்டம் செய்தும் கள்ளக் கடத்தல் நிற்கவில்லை. மூக்குப்பொடிக் கறையை மறைக்க வண்ணக் குட்டையே ஏற்றது என்பது அக்காலக் கனவான்கள் கண்ட நியாயம்.

பட்டுக்குட்டை உருவாகும் முறை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. ஓவியர் தாளில் வண்ணம் தீட்டித் தருகிறார். அதன்பின் அந்த ஓவியம் செதுக்குநர் எனப்படும் தொழிலரிடம் செல்கிறது. அவர் அதனைக் கண்ணாலேயே வண்ணம் வண்ணமாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் படலம் வரைகிறார். முப்பது வண்ணம் கொண்ட ஓவியத்திற்கு முப்பது படலம், முப்பது சட்டம். ஓர் ஓவியத்தைப் பிரிக்க நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவாகும். நீண்ட மேசையில் பட்டை விரித்து, சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து வண்ணம் இழுக்கின்றனர். திருமண அழைப்பிதழ் அச்சிடும் நம் ஊர் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் நடப்பதும் கொள்கையளவில் இதுவே. சட்டம் மயிரிழை பிசகினாலும் குதிரையின் கண் கன்னத்திற்கு இறங்கிவிடும். பிறகு நீராவியில் வைத்து வண்ணத்தை நிலைநிறுத்தி, அலசி, ஓரத்தைக் கையால் சுருட்டித் தைக்கின்றனர். இவையெல்லாம் லியோன் நகரைச் சூழ்ந்த பகுதியின் பரம்பரைத் தொழில். அந்நகரின் பட்டு நெசவாளர் 1831 நவம்பரில் நியாயமான கூலி விகிதம் கேட்டுக் கிளர்ந்தெழுந்து, நகரையே சில நாள் தம் கையில் வைத்திருந்தனர். பட்டின் பளபளப்பை மட்டும் பேசுவோர் லியோனின் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

இவ்வளவு பாடுபட்டு அச்சிட்ட ஓவியத்தை அணிபவர் என்ன செய்கிறார்? குறுக்காக மடிக்கிறார், சுற்றுகிறார், முடிச்சிடுகிறார். ஓவியத்தின் பெரும்பகுதி மறைந்துபோகிறது. ஒரு மூலையும் ஒரு விளிம்பும் சில வண்ணங்களுமே வெளியே தெரியும். ஆதலின் பட்டுக்குட்டைக்கு வரைபவர் இரண்டு ஓவியங்களை ஒருசேர எண்ண வேண்டியவராகிறார்: விரித்தால் தெரியும் ஓவியம் ஒன்று; மடித்தால் எஞ்சும் ஓவியம் மற்றொன்று. ஊகோ கிரிக்கார் 1957இல் எர்மேஸுக்கு வரைந்த 'பிரீத் தெ காலா' என்னும் கடிவாள ஓவியம் மீண்டும் மீண்டும் புது வண்ணங்களில் அச்சேறியதற்கு, எப்படி மடித்தாலும் அது குலையாமல் நிற்பது ஒரு காரணமாகலாம். அச்சில் படித்தாலும் அவையில் வாய்விட்டுச் சொன்னாலும் குலையாத கவிதை எத்துணை அரிது என்பதை எழுதுவோர் அறிவர்.

பட்டு மென்மையானது என்பது பாதி உண்மையே. ஒரு கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை அறாது வரும் அவ்விழை, தன் பருமனை நோக்க மிக வலியது. நாட்டியக் கலைஞர் இசடோரா டங்கன், ரோமன் சாடோவ் கையால் ஓவியம் தீட்டிய நீண்ட பட்டுத் துகிலைக் கழுத்தில் சுற்றியவாறு 1927 செப்டம்பர் 14 அன்று நீஸ் நகரில் திறந்த காரில் ஏறினார். துகிலின் தொங்கல் சக்கரத்தில் சிக்கியது. பட்டு அறுந்திருந்தால் அவர் பிழைத்திருக்கக் கூடும்; அது அறவில்லை.

இரண்டாம் உலகப் போர் பட்டின் வலிமையை வேறு பணிக்கு அழைத்தது. பாராசூட்டுகளுக்குப் பட்டு வேண்டியிருந்தது. எதிரி நாட்டில் விழும் விமானிகள் தப்பி வருவதற்கு வழிகாட்டும் நிலப்படங்களும் பட்டில் அச்சாயின. தாளைப் போல் அது சலசலப்பதில்லை, நனைந்தாலும் நைவதில்லை, உள்ளங்கையில் அடங்கும். பிரிட்டனின் எம்.ஐ.9 என்னும் இரகசியப் பிரிவில் இப்பணியை மேற்கொண்டவர் கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன். துணியில் மை பரவாதிருக்க, பழப்பாகு உறைவதற்குச் சேர்க்கும் பெக்டின் என்னும் பொருளை மையில் கலந்தனர். போர் முடிந்தபின் மிஞ்சிய படங்கள் விற்பனைக்கு வந்தபோது, துணிப் பஞ்சத்தில் வாடிய பெண்டிர் அவற்றை உடையாகவும் குட்டையாகவும் தைத்துக்கொண்டனர். எல்லைக்கோடுகளும் இருப்புப்பாதைகளும் தோளில் புரண்டன.

இதனினும் கவிஞர்க்கு நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. ஜெர்மானியர் வசப்பட்டிருந்த நாடுகளுக்குப் பிரிட்டன் அனுப்பிய எஸ்.ஓ.ஈ. என்னும் அமைப்பின் ஒற்றர்கள் தொடக்கத்தில் கவிதையையே சங்கேதத் திறவுகோலாகக் கொண்டிருந்தனர். ஒவ்வொருவரும் ஒரு கவிதையை மனப்பாடம் செய்துகொள்வார். அதிலிருந்து சில சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் கொடுத்து, அந்த எண் வரிசையில் செய்தியை மாற்றியமைப்பார். கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை என்பது இதன் நன்மை. தீமை அதனினும் பெரிது. புகழ்பெற்ற கவிதையாயின் எதிரி ஊகித்துவிடுவான்; புகழற்ற கவிதையாயினும் சித்திரவதை செய்து ஒற்றரின் நெஞ்சிலிருந்து பிடுங்கிவிடுவான். கிடைத்துவிட்டால் பழைய செய்திகள் அனைத்தும் திறந்துகொள்ளும்.

1942இல் அந்த அமைப்பின் சங்கேதப் பிரிவுக்கு வந்த இளைஞர் லியோ மார்க்ஸ் இந்தத் தீங்கைக் கண்டார். எவரும் அறியாத புதுக் கவிதைகளைத் தாமே எழுதித் தந்தார். 1944இல் வயலெட் சாபோ என்னும் பெண்மணிக்கு அவர் தந்த கவிதை பின்னாளில் திரைப்படத்தின் வழியாக உலகறிந்தது. மறைந்த தம் காதலியை எண்ணி அவர் முன்பே எழுதி வைத்திருந்தது அது. எனினும் கவிதை போதாது என்பதே அந்தக் கவிஞரின் முடிவு. எளிதில் நினைவில் நிற்காத எண் வரிசைகளைப் பட்டில் அச்சிட்டு, உடையின் உட்புறத்தில் மறைத்து அனுப்ப வேண்டுமென்று மேலிடத்தோடு போராடி வென்றார். ஒரு வரிசையை ஒருமுறை பயன்படுத்தியதும் ஒற்றர் அதனைக் கத்தரித்து எரித்துவிட வேண்டும். எரித்ததை எந்தச் சித்திரவதையாலும் மீட்க இயலாது. பிடிபட்டவர் விழுங்குவதற்கென்று நச்சுக் குளிகையும் தரப்பட்டிருந்த காலம் அது. பட்டா, நஞ்சா என்பதே தெரிவு என்று மார்க்ஸ் வாதிட்டார். 1998இல் வெளியான தம் நினைவு நூலின் தலைப்பிலும் அவ்விரண்டையும் இணைத்து வைத்தார். மனப்பாடத்தைவிட மறதியே காப்பாகும் இடமும் உண்டு என்பது கவிதையை நம்பி வாழ்வோர்க்குச் சிறிது கசக்கலாம்.

போரின் அதே ஆண்டுகளில் லண்டனில் மற்றொரு முயற்சி நடந்தது. பிராக் நகரத்தவரான ஜிகா ஆஷரும் லிடா ஆஷரும் 1939இல் தேனிலவுப் பயணம் சென்றிருந்தபோது ஹிட்லரின் படை அவர்கள் நாட்டுக்குள் புகுந்தது. திரும்ப வீடில்லாத அவ்விணையர் லண்டனில் துணி அச்சுத் தொழில் தொடங்கினர். பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை ஆடைக்குப் பங்கீட்டு முறை நிலவியது. புதுச் சட்டைக்கு வழியில்லாதவர், பழைய சட்டைமேல் ஒரு வண்ணக் குட்டையைக் கட்டிக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆஷர் இணையர் அக்குட்டைக்கு வரைந்து தருமாறு ஹென்றி மூர், ஆன்றி மத்தீஸ், ஆந்திரே தெரேன், ழான் காக்தோ, அலெக்சாண்டர் கால்டர் போன்ற கலைஞர்களை அணுகினர். சிற்பி மூர் தம் கல்லிலும் வெண்கலத்திலும் திரும்பத் திரும்பத் தேடிய குடும்ப உருவத்தையே பட்டுக்கும் தந்தார். 1947இல் லண்டன் லெஃபெவர் காட்சிக்கூடத்தில் இக்குட்டைகள் சட்டமிட்டு, ஓவியங்களுக்கு நிகராகச் சுவரில் மாட்டப்பெற்றன. பின்னாளில் அருங்காட்சியகங்களும் அவற்றை வாங்கிக்கொண்டன.

இது பெருமையா, இழப்பா என்பது எளிதில் தீரும் வழக்கன்று. மத்தீஸின் கோட்டைக் கழுத்தில் முடிந்துகொள்வது அவமதிப்பு என்பர் ஒரு சாரார். கழுத்தில் முடியவே மத்தீஸ் அதனை வரைந்தார் என்பர் மறுசாரார். இரண்டாம் கட்சியின் பக்கமே நியாயம் மிகுதி. காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுக்குரிய அசைவு இல்லை. அமெரிக்கரான வேரா நியூமன் இவ்வழக்கில் ஐயமே கொள்ளாதவர். போருக்குப் பின் லினன் துணி கிடைக்காத நிலையில் மிஞ்சிய பாராசூட் பட்டை வாங்கிப் பூக்களையும் இலைகளையும் அச்சிட்ட அவர், சாதாரணப் பெண்கள் வாங்கக்கூடிய விலையில் ஓவியம் கிடைக்க வேண்டுமென்று விரும்பினார். 1993இல் மறையும்வரை தம் குட்டைகளில் ஓவியர்போலவே கையொப்பமிட்டு வந்தார். அருகே ஒரு பொறிவண்டும் ஊரும். அந்தக் கையொப்பத்தையும் வண்டையும் கொண்டு காலம் கணிப்பது வேரா குட்டைகளைச் சேர்ப்போரிடம் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

கையொப்பம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. 1980களிலிருந்து எர்மேஸுக்குப் பதினைந்துக்கும் மேற்பட்ட குட்டைகள் வரைந்த கெர்மிட் ஆலிவர் என்னும் கறுப்பின அமெரிக்க ஓவியர், டெக்சாஸின் வேக்கோ நகர அஞ்சலகத்தில் இரவு நேரத்தில் கடிதம் பிரித்தவர். டெக்சாஸின் விலங்குகளையும் செடிகொடிகளையும் நெருக்கமாக நெய்தாற்போன்ற அவர் ஓவியங்கள் செல்வர்களின் தோள்களில் உலகம் சுற்றிய ஆண்டுகளில், அவர் தம் பணியை விடாது பார்த்துவந்தார். செதுக்குநர்க்கோ, ஓரம் தைப்பவர்க்கோ அந்த அளவு பெயரும் இல்லை. ஆனால் சேகரிப்பவர் ஒரு குட்டை உண்மையானதா போலியா என்று ஐயுற்றால், முதலில் புரட்டிப் பார்ப்பது பெயரற்றவர் தைத்த அந்த ஓரத்தைத்தான். எர்மேஸ் ஓரம் முகப்புப் பக்கம் நோக்கிச் சுருண்டு, தையல் வெளித் தெரியாமல் திரண்டிருக்கும். இயந்திரம் தைத்த ஓரம் தட்டையாகப் படிந்துவிடும்.

அணிவதால் பட்டுக்கு வரும் கேடுகள் பல. வியர்வை இழையை அரிக்கும். வெயில் வண்ணத்தை வெளுக்கும். நறுமணத் தைலம் கறையாகும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் மடிந்த இடத்திலேயே இற்றுப்போகும். அருங்காட்சியகங்கள் ஐம்பது லக்ஸ் அளவுக்கு மங்கிய ஒளியிலேயே இவற்றைக் காட்டுகின்றன. பயனறிந்த சேகரிப்பாளர் சிலர் முறைவைத்து அணிகின்றனர்: ஒருநாள் கட்டியதை மறுநாள் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி வைக்கின்றனர். வேறு சிலர் ஒன்றை அணியவும் மற்றொன்றை வைத்திருக்கவும் ஒரே ஓவியத்தில் இரண்டு வாங்குகின்றனர். வசதியுடையவர்க்கே இயலும் உபாயம் அது.

இதனால் பட்டுக்குட்டை வரலாற்றில் ஒரு கோணல் நேர்ந்துவிட்டது. 1940களில் ஆசையோடு தினமும் அணியப்பெற்ற குட்டைகள் கிழிந்தும் நைந்தும் போயின. நமக்குப் புதுமை மாறாமல் கிடைத்திருப்பவை, யாரோ வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு அணியாமல் விட்டவையே. ஒற்றர்களின் பட்டுத் துண்டுகளிலும் இதுவே நிலை. பயன்பட்ட வரிசைகள் அன்றன்றே கத்தரித்து எரிக்கப்பட்டன. எஞ்சிய துண்டுகளில் நாம் படிக்கக் கிடைப்பவை, எந்தச் செய்தியையும் சுமந்து செல்லாத எண்கள்.