ஐந்து நாள் ஆட்டமும் மூன்று மணி நேர ஆட்டமும்



போன ஞாயிற்றுக்கிழமை பேரன் ஒரு கேள்வி கேட்டான். பன்னிரண்டு வயது, கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான். "தாத்தா, டெஸ்ட் மேட்ச் எதுக்கு அஞ்சு நாள்? ஐபிஎல் மூணு மணி நேரத்துல முடிஞ்சிடுதே!" முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டே பழகிய எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நினைவு. 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பள்ளி விட்டும் ஆசிரியர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தலைமையாசிரியர் மேசையில் இருந்த டிரான்சிஸ்டரைச் சுற்றி நின்றோம். சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட். முதல் இன்னிங்சில் டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்து, நேரே மருத்துவமனைக்குப் போனார். கடைசி நாள் இந்தியாவுக்கு 348 தேவை. 347-ல் கடைசி விக்கெட் விழுந்தது. யாருக்கும் வெற்றி இல்லை, யாருக்கும் தோல்வி இல்லை. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை' அது. ஐந்து நாள் சேர்த்து வைத்த பதற்றம் அந்த ஒரு பந்தில் வெடித்தது. மூன்று மணி நேரத்தில் அப்படி ஒன்று விளையாது.

இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் அது வரலாறு ஆகாது. "குறுகிய ஆட்டம் வந்து பெரிய ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது" என்ற புலம்பல் நம் காலத்தில் தொடங்கியது அல்ல. 1963-ல் இங்கிலாந்து கவுண்டி அணிகளுக்கு ஒருநாள் போட்டி தொடங்கியபோதே அதைச் சொன்னார்கள். 1971 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்ட் மழையில் கரைந்துபோக, ஈடாக ஒருநாள் ஆட்டம் வைத்தார்கள். அதுவே முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டம். 1975 உலகக் கோப்பையில் நம் கவாஸ்கர் 174 பந்துகள் ஆடி 36 ரன் எடுத்து, அவுட் ஆகாமல் திரும்பி வந்தார்! புது ஆட்டம் பிடிபட அவ்வளவு நாள் ஆனது. 1977-ல் கெர்ரி பாக்கர் என்ற தொலைக்காட்சி முதலாளி ஆட்டக்காரர்களை விலைபேசித் தனிப் போட்டி நடத்தியபோது, கிரிக்கெட் முடிந்தது என்றார்கள். முடியவில்லை. 2003-ல் இங்கிலாந்தில் இருபது ஓவர் போட்டி வந்தது. 2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் ஐபிஎல் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே மெக்கல்லம் 158 ரன்.

அந்த வருடம் வகுப்பில் நான், "இது கிரிக்கெட் இல்லை, சர்க்கஸ்" என்று சொன்னேன். கேட்டவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். நான் சொன்னது பாதி தவறு.

ஏன் தவறு? சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய பிள்ளை. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அவர் வீசிய யார்க்கர்களைப் பார்த்துத்தான் 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி கொடுத்து எடுத்தார்கள். வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போனவர், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட் எடுத்தார். அதே ஆட்டத்தில் நம் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமாகி 62 ரன் அடித்தார். இந்தியா வென்றது. பும்ராவையும் ரஞ்சிக்கு முன்பே ஐபிஎல்தான் கண்டெடுத்தது. பழைய ஏற்பாடு மட்டும் இருந்திருந்தால் சின்னப்பம்பட்டிக்கு யார் போய்த் தேடியிருப்பார்கள்?

அப்படியானால் எது பாதி சரி? பாக்கர் காலத்துக்குப் பிறகும் ஒருநாள் ஆட்டத்தை நடத்தியது அந்தந்த நாட்டு வாரியம்தான். ஐந்து நாள் ஆட்டமும் ஒருநாள் ஆட்டமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லீக் அப்படி இல்லை. அணியை வாங்கிய முதலாளி, ஆட்டக்காரரின் மாதங்களையும் வாங்கிவிடுகிறார். இதில் கரைவது ஆட்டக்காரரின் திறமை அல்ல, நாட்காட்டி.

2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்குப் போக வேண்டியிருந்தது. அதே சமயம் அவர்கள் நாட்டில் லீக். அதன் ஆறு அணிகளும் ஐபிஎல் முதலாளிகளுடையவை. முக்கிய ஆட்டக்காரர்கள் லீக்கில் நின்றுவிட, ஒரு டெஸ்ட்கூட ஆடாத ஒருவரைத் தலைவராக்கி அனுப்பினார்கள். முதல் டெஸ்டில் 281 ரன் தோல்வி. 1932 முதல் ஒரு முறைகூடத் தென்னாப்பிரிக்காவிடம் தொடரை வெல்லாத நியூசிலாந்து, அன்று வென்றது.

அதே தென்னாப்பிரிக்காதான் 2025 ஜூனில் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி உலக டெஸ்ட் சாம்பியன் ஆனது. அப்போது, "பார்த்தீர்களா, ஒன்றும் கெடவில்லை" என்று சிலர் சொன்னார்கள். கணக்கைப் பாருங்கள். அந்த இரண்டு ஆண்டுச் சுற்றில் இங்கிலாந்து ஆடியது 22 டெஸ்ட், ஆஸ்திரேலியா 19. தென்னாப்பிரிக்கா 12 மட்டுமே. ஒரு தொடருக்கு இரண்டு ஆட்டம், அவ்வளவுதான். உலக சாம்பியனுக்கே ஐந்து நாள் ஆட்டம் ஆட நாள் இல்லை. வாரியத்தைத் தாங்க லீக் பணம் வேண்டும். லீக் நடத்தினால் டெஸ்டுக்கு நாள் குறையும். இதுதான் அவர்கள் சிக்கல்.

நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி. அந்தப் பலத்தில்தான் 2024 மார்ச்சில், ஒரு பருவத்தில் முக்கால்வாசி டெஸ்டுக்கு மேல் ஆடுபவருக்கு ஆட்டத்துக்குக் கூடுதலாக 45 லட்சம் என்று நம் வாரியம் அறிவிக்க முடிந்தது. மற்ற நாடுகளால் அது முடியாது. நாளைக்கு நாம் பலமாக இருந்து, எதிரே ஆட அணி இல்லை என்றால் என்ன செய்வது?

இங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் ஆடிய ஆட்டத்தோடு தொடங்கியது ரஞ்சிக் கோப்பை. மைசூர் 48, 59. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம்! அந்த ரஞ்சியை 2024-25-ல் இரண்டாக வெட்டி, நடுவில் குறுகிய ஓவர் போட்டிகளை வைத்தார்கள். நடராஜன் ஆடியதும் அந்த ஒரு டெஸ்ட்தான். காயங்களும் ஒரு காரணம். ஆனாலும் நான்கு ஓவர் வீசும் உடம்பு வேறு, நாள் முழுக்க இருபது ஓவர் வீசும் உடம்பு வேறு. இரண்டாவதைப் பழக்க ரஞ்சி தவிர வேறு இடமில்லை.

பேரனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "அஞ்சு நாள்ல தப்பு பண்ணினவனுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கிடைக்கும்டா. முதல் இன்னிங்ஸ்ல முட்டை வாங்கினவன் ரெண்டாவதுல நூறு அடிக்கலாம்" என்றேன். "அப்போ பரீட்சையும் ரெண்டு இன்னிங்ஸ் வையுங்க தாத்தா" என்றான்! என்னத்தைச் சொல்ல.

பழைய வாத்தியார் தரும் வீட்டுப்பாடம்: இந்தப் பருவத்தில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடந்தால் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போங்கள். பெரும்பாலும் டிக்கெட் கிடையாது, இடமும் தாராளமாக இருக்கும். பார்த்துவிட்டு வந்து பிள்ளை என்ன சொன்னான் என்று கீழே எழுதுங்கள். "போரடிச்சது" என்றாலும் எழுதுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.