ஜன்னலின் கறுப்பு

போன மாதம் விடுமுறைக்கு வந்த மகன், "அப்பா, ஜன்னலெல்லாம் கறுத்துப்போய் வீடே இருட்டா இருக்கு. வெள்ளை பெயின்ட் அடிச்சிடலாமா?" என்று கேட்டான்.

திருவண்ணாமலையில் 1930களில் என் தாத்தா கட்டிய வீடு இது. ஜன்னல் சட்டம் அத்தனையும் ரங்கூன் தேக்கு.

1852 போரில் கீழ் பர்மாவையும் 1885 போரில் மேல் பர்மாவையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் பட்டையைச் சுற்றி வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே காயவிடுவார்கள். பிறகு வெட்டிய மரத்தை யானைகள் ஓடைக்கு இழுத்துவரும். மழை வெள்ளத்தில் மிதந்து ரங்கூன் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் இந்த மரம்தான். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் வரத்து நின்றது.

ஆசாரியைக் கூப்பிட்டேன். ஒரு மூலையைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பொன்நிறம்! கறுப்பு மரத்துடையது அல்ல. பழைய வார்னிஷும், அம்மாவின் விறகடுப்புப் புகையும், எத்தனையோ கார்த்திகை விளக்குகளின் புகையும் படிந்தது. கம்பி பதித்த இடத்தில் மட்டும் கறை ஆழமாக இருந்தது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் அப்படிக் கறுக்குமாம். ஆக்ஸாலிக் அமிலம் தடவிக் கழுவியதும் வெளுத்தது. கையுறை மட்டும் அவசியம்.

மகன் பெயின்ட் பேச்சை விட்டான். கூடத்து ஜன்னலுக்கு அவனே உப்புத்தாள் போட்டான். சமையலறை ஜன்னலை மட்டும் அப்படியே விடச் சொல்லிவிட்டேன். அது அம்மாவின் புகை.