வலியசாலையில் ஒரு வழிக்கணக்கு

நாங்கள் குடியிருக்கும் வலியசாலையின் பெயரிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. 'சாலை' என்பது இங்கே ரோடு அல்ல, கல்விச்சாலை. இங்குள்ள சிவன் கோயிலைப் பழைய காந்தளூர்ச் சாலையோடு சேர்த்துப் பேசுவோர் பலர். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 பேருக்குச் சாலை வைத்தபோது, காந்தளூரைத்தான் மாதிரியாகக் கொண்டான் என்கிறது செப்பேடு.

அது இருக்கட்டும். என் பேத்திக்கு நாலாம் வகுப்பு எல்.எஸ்.எஸ். பரீட்சை. பெருக்கல், வகுத்தல் எல்லாம் மளமளவென்று போடுவாள். மலையாளத்தில் வழிக்கணக்கு என்கிறார்களே, அது வந்தால் மட்டும், "தாத்தா, கூட்டணுமா, கழிக்கணுமா?" என்பாள். அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் கணக்கு ஏது?

திண்ணைப் பள்ளியிலும் மனப்பாடம் உண்டு. எண்சுவடியை உருப்போட்டே ஆக வேண்டும். முந்திரி என்ற 1/320 வரைக்கும் பின்னம் வாயில் வரணும். ஆனால் அங்கே கற்ற நெல்லளவும் நிலஅளவும் வீட்டு வாசலிலேயே நடந்தவை. பையன் கணக்கைக் கேட்பதற்கு முன்பே காரியத்தைப் பார்த்திருப்பான்.

என் அப்பா காலத்துச் சாலைக் கடைத்தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து வரும் பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. அந்த 10 ரூபாயை இங்கே மாற்றினால் என்ன கிடைக்கும்? பேத்தியிடம் கேட்டேன். கூட்டணுமா என்று கேட்கவில்லை! "பத்து எட்டு காசு 80, அது 5 சக்கரம். அப்போ 10 ரூபாயும் 5 சக்கரமும்" என்றாள். தன் கையிலிருந்து பணம் போகிறதென்றால் யாருக்கும் வழி தெரிந்துவிடும் போலிருக்கிறது.

உற்சாகத்தில் காரி நாயனாரின் கணக்கதிகாரத்தை எடுத்தேன். பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்களை எண்ணி, 6ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை என்பது அதிலுள்ள பிரசித்தமான கணக்கு. சாலைச் சந்தையிலிருந்து ஒரு சக்கை வந்தது. முள் 75, ஆகவே சுளை 90 என்று நோட்டில் எழுதினாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி வரை வீடே உட்கார்ந்து எண்ணியது. 83தான்.

"தாத்தா, கணக்கு தப்பா, சக்கை தப்பா?"

முள்ளை நாங்கள் எண்ணியதே சரியா என்று பார்க்கலாமென்றால், காம்புப் பக்கத்தை அதற்குள் குப்பையில் போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு சக்கை வாங்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.