ஓடிபிசியும் லினக்சு கணினிகளும்

ஓடிபிசி என்பது வெவ்வேறு நிறுவனங்களின் தரவுத்தளங்களை ஒரே வகை நிரல் அழைப்புகளால் அணுக உதவும் இடைமுகம் ஆகும். மைக்ரோசாப்ட் இதை 1992இல் விண்டோசுக்காக வெளியிட்டது. அங்கு இணைப்பு விவரங்கள் ரெஜிஸ்ட்ரியில் பதியப்படும். லினக்சில் ரெஜிஸ்ட்ரி கிடையாது. எனவே யூனிக்ஸ்ஓடிபிசி என்ற கட்டற்ற மென்பொருள் இரண்டு சாதாரண உரைக்கோப்புகளைப் பயன்படுத்துகிறது. ஒன்றில் டிரைவர்களும் மற்றொன்றில் தரவுமூலங்களும் குறிக்கப்படும். இரண்டிலும் டிரைவரின் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் இணைப்பு கிடைக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல், டிரைவரே இல்லாதது. சைபேசு வழிவந்த எஸ்கியூஎல் சர்வர், டிடிஎஸ் என்ற நெறிமுறையில் இயங்குகிறது. மைக்ரோசாப்ட் தன் டிடிஎஸ் விவரங்களை 2008இல்தான் பொதுவில் வெளியிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தன்னார்வலர்கள், வலையமைப்பில் செல்லும் தரவுப் பொட்டலங்களை ஆராய்ந்து ஃப்ரீடிடிஎஸ் மென்பொருளை உருவாக்கிவிட்டனர். பொறுமை தேவைப்பட்ட வேலை அது. லினக்சுக்கான டிரைவரை மைக்ரோசாப்டே வழங்க மேலும் சில ஆண்டுகள் ஆயின.